புதுப்பிப்பு: மேடு ஏறினால் சூடாகும் கார்

ஏசியோடு மேடு ஏறினால் வெப்ப முள் சிவப்புக்குப் போகிறது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரிசர்வ் டேங்க் பொங்குகிறது, சூட்டிலும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தொளதொளவென்றே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்றே பலரும் சொன்னீர்கள்.

இன்ஜின் ஆறியதும் மெக்கானிக் ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 1.1 பார் அழுத்தம் ஏற்றினார். டெஸ்டர் முள் அசையவில்லை, கசிவு கிடையாது. அப்புறம் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து இன்ஜினை ஓடவிட்டோம். கேஸ்கட் வழியாக இன்ஜினில் எரிந்த வாயு கசிந்து வந்தால் திரவம் மஞ்சளாகும், நீலமாகவே இருந்தது. சரி, கேஸ்கட் தப்பித்தது.

மிச்சம் ரேடியேட்டர் மூடி. 1.1 பார் தாங்க வேண்டியது 0.4-இலேயே திறந்துகொண்டது, ரப்பர் விளிம்பு வெடித்திருந்தது. அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். நிற்காததால் கூலன்ட் கொதித்து டேங்குக்கு ஓடியிருக்கிறது. மூடி மாற்றியாயிற்று, அதே மேட்டில் முள் பாதியிலேயே நிற்கிறது.