"யெஸ்" என்று போட்டது பிழையா? மனேஜர் நாளைக்கு வர வேண்டாம் என்கிறார் (அவசரம்)

வெள்ளவத்தை மழை | மாலை 6.52
வணக்கம். டிஓ (துறைமுகத்திலிருந்து சரக்கை எடுக்க அனுமதிக்கும் கடிதம்) இன்னும் கொடுக்கவில்லையா என்று மனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். கொடுக்கவில்லை, அதனால் "யெஸ்" என்று போட்டேன். அவர் கஸ்டமருக்கு வேறு மாதிரிச் சொல்லி, லொறி துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிட்டது. இப்போது என்னை நாளைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். வேலை போய்விட்டதா? நான் எழுதியதில் என்ன பிழை? கை நடுங்குகிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

தெஹிவளை வாசகன் | 6.58
அவர் எழுதிய ஆங்கில வசனத்தை அப்படியே போடுங்கள். நீங்கள் தமிழாக்கிச் சொன்னதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.

சுருதி அக்கா | 7.01
ஓம் தங்கச்சி, இரண்டு வசனமும் வேண்டும். முக்கியமாக இரண்டாவது. நாங்கள் "வர வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று விதமாகச் சொல்வார்கள். ஒன்றுக்கு மற்றது வெகு தூரம். டிஓ என்பது டெலிவரி ஓடரா?

கணக்குப்பிள்ளை | 7.04
இது "டூ" என்ற துணைவினையின் பிரச்சினை, பந்தயம் கட்டுகிறேன். எதிர்மறையில் "டிட்" வந்தால் காலம் அதிலேயே ஏறிவிடும், வினை வெறுமனே நிற்க வேண்டும். "டிடின்ட் கோ" என்பதுதான் சரி. எங்கள் ஒபிஸில் பாதிப் பேர் "டிடின்ட் வென்ட்" என்று எழுதுகிறார்கள். அதைத் திருத்தினால் எல்லாம் சரியாகும்.

தெஹிவளை வாசகன் | 7.06
அவர் எழுதியதே "யெஸ்" என்ற ஒரு சொல். அதில் டிட் எங்கே வந்தது?

பழைய வாத்தியார் | 7.11
சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. பாடத்தை விளங்கிப் படிக்காமல் மனப்பாடம் செய்ததன் பலன் லொறியில் வந்து நிற்கிறது. எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு "யெஸ்" என்றால் காரியம் நடந்துவிட்டது என்று பொருள். அந்தச் சொல்லின் பழைய வேலையே அதுதான். முன்பு ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. நேராகக் கேட்டால் "யே" அல்லது "நே". இல்லை என்று வைத்துக் கேட்டால் "யெஸ்" அல்லது "நோ". "யெஸ்" என்றால் "நீ நினைப்பது போலில்லை, நடந்தது" என்று மறுப்பது. 1532இல் ஆங்கில அறிஞர் தோமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த டின்டேலை "நே", "நோ" இரண்டையும் குழப்பிவிட்டார் என்று கண்டித்து எழுதினார். பிறகு "யே"யும் "நே"யும் வழக்கொழிந்தன. பிரெஞ்சுக்காரரின் "சி", ஜெர்மானியரின் "டோக்" இரண்டும் இன்றைக்கும் அந்த மறுக்கும் வேலையைச் செய்கின்றன.

சுருதி அக்கா | 7.14
நல்ல விளக்கம் ஐயா. ஆனால் பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள், முதல் இரண்டு வரி இல்லாமலே சொல்லியிருக்கலாம்.

வெள்ளவத்தை மழை | 7.17
மன்னிக்கவும், அழைப்பு வந்தது. டெலிவரி ஓடர்தான். கேட்டது: "ஹேவன்ட் யூ ரிலீஸ்ட் த டிஓ?" இரண்டாவது: "யூ டோன்ட் ஹேவ் டு கம் இன் டுமோரோ."

சுருதி அக்கா | 7.29
முதலில் மூச்சு விடுங்கள். இரண்டாவது வசனம் உங்களைத் தடுக்கவில்லை.

"இல்லை" எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். "டோன்ட் ஹேவ் டு" என்பதில் அது கட்டாயத்தின் மேல் விழுகிறது. அதாவது வர வேண்டிய கட்டாயம் இல்லை, விருப்பமென்றால் வரலாம். "நீடின்ட்" என்று எழுதியிருந்தாலும் இதேதான். "மஸ்ட்ன்ட்" என்றால் கட்டாயம் அப்படியே இருக்கிறது, வருவதுதான் மறுக்கப்படுகிறது: வராமல் இருந்தே ஆக வேண்டும், வரக் கூடாது. "மஸ்ட்", "ஹேவ் டு" இரண்டும் நேராக நிற்கும்போது ஏறத்தாழ ஒன்று. "நொட்" சேர்ந்தவுடன் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை, வாய்பாடு மாதிரி எழுத வைக்கிறார்கள். தமிழிலும் "வர வேண்டியதில்லை", "வரக் கூடாது" என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் அவசரத்தில் எல்லோருக்கும் வாயில் வருவது "வர வேண்டாம்". அது இரண்டு பக்கமும் சாயும். நீங்கள் பயந்தது உங்கள் தமிழாக்கத்தைப் பார்த்துத்தான், அவர் எழுதியதைப் பார்த்து அல்ல.

இப்போதே மனேஜருக்கு இதை அனுப்புங்கள்: "சொரி, ஐ மென்ட் நோ. ஐ ஹேவன்ட் ரிலீஸ்ட் இட் யெட்." எழுதிவிட்டுத் தொலைபேசியிலும் சொல்லுங்கள். லொறி உள்ளே போய்க் காத்து நிற்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை | 7.33
இனிமேல் வெறும் யெஸ், வெறும் நோ இரண்டையும் விட்டுவிடச் சொல்கிறேன். "ஐ ஹேவ்", "ஐ ஹேவன்ட்" என்று வினையோடு போட்டால் எவரும் பிழையாக எடுக்க முடியாது. என் "டூ" விஷயத்தை இன்னும் கைவிடவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் | 7.38
ஒரு சந்தேகம். தமிழில் "ஓம், கொடுக்கவில்லை" என்பது நம் வழக்கம், அதுதான் இங்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்வதுதான் நம் "ஓம்".

தெஹிவளை வாசகன் | 7.41
இல்லையே. எங்கள் வீட்டில் "சாப்பிடேல்லையா?" என்று கேட்டால் "இல்லை, சாப்பிடேல்ல" என்போம். ஆங்கிலம் மாதிரியேதான். தமிழைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்காரன் | 7.43
நான் குற்றம் சொல்லவில்லை. அம்மா "அப்ப நீ சாப்பிடேல்ல, என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஓம்" என்றுதானே?

தெஹிவளை வாசகன் | 7.46
அது வேறு. அங்கே அம்மா ஏற்கெனவே முடிவுக்கு வந்துவிட்டார், நாம் அதை உறுதிப்படுத்துகிறோம். தெரியாமல் கேட்டால் "இல்லை"தான்.

கொட்டாஞ்சேனைக்காரன் | 7.48
சரி, அப்படியென்றால் தமிழில் இரண்டும் உண்டு, கேட்பவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் அதைப் பார்ப்பதில்லை. நடந்ததா இல்லையா, அவ்வளவுதான். மழை அக்கா மனேஜரின் மனதைப் படித்துப் பதில் எழுதியிருக்கிறார்.

பழைய வாத்தியார் | 7.52
கொட்டாஞ்சேனைக்காரன் சொல்வது சரி. எனக்கும் இது இவ்வளவு தெளிவாகத் தோன்றியதில்லை. ஆனால் கொழும்பு ஆங்கிலத்தில் வசனத்தின் முடிவில் வரும் "நோ?"வை மறக்க வேண்டாம். "யூ ஆர் கமிங், நோ?" என்றால் அந்த நோ எதையும் மறுக்கவில்லை, நம் "தானே" போன்றது. வெளிநாட்டுக் கஸ்டமருக்கு எழுதும்போது அதைத் தவிர்க்க வேண்டும்.

சுருதி அக்கா | 7.55
தவிர்க்க வேண்டுமா? அது இங்கே பிறந்த ஆங்கிலம். கடிதத்தில் வேண்டுமானால் தவிர்க்கலாம், பேச்சில் ஏன்?

பழைய வாத்தியார் | 7.57
கடிதத்தைத்தான் சொன்னேன்.

பம்பலப்பிட்டி ராணி | 8.03
எல்லோரும் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள். நாளைக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) அல்லவா? மழை, போயா நாளில் உங்களுக்கு முறை வைத்து வேலை இருக்கிறதா? நாளைக்கு உங்கள் முறையா?

தெஹிவளை வாசகன் | 8.05
ஆமாம்! அதைச் சொல்லவே இல்லையே.

சுருதி அக்கா | 8.31
மழை, இருக்கிறீர்களா? மனேஜரோடு கதைத்தீர்களா?

வெள்ளவத்தை மழை | 9.20
கதைத்தேன். நாளைக்கு என் முறைதான், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதவில்லை. வேறு ஒருவரைப் போட்டிருக்கிறாராம், என்னை ஓய்வெடுக்கச் சொன்னார். லொறியைப் பேலியகொடையிலேயே திருப்பிவிட்டார்கள். டிஓவை நாளை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் நன்றி, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார்.

கணக்குப்பிள்ளை | 9.26
நல்லது. "டிடின்ட் வென்ட்" பற்றி நாளைக்குத் தனி இழை போடுகிறேன்.