மறு: பக்கவாட்டுத் தடையா, அயல்மறிப்பா?

> லாட்டரல் இன்ஹிபிஷன் என்பதற்குப் ‘பக்கவாட்டுத் தடை’ போதாதா?

வணக்கம் அண்ணா,

ஒரு கலம் பக்கத்துக் கலத்தை அடக்கிவைப்பதுதான் லாட்டரல் இன்ஹிபிஷன். கண்ணுக்குப் ‘பக்கவாட்டுத் தடை’ போதும்; மூளை உருவாவதைச் சொல்ல ‘அயல்மறிப்பு’ என்பேன். குதிரைலாட நண்டின் கண்ணில் ஆய்வாளர் ஹார்ட்லைன் கண்டது, நரம்புவழியாக நொடிக்குள் நடந்து முடிகிற சங்கதி. மூளையில் நரம்புக்கலம் உருவாகும் கதை வேறு.

முளையத்தின் மூளையில் முதலில் இருப்பவை ஏறத்தாழ ஒரே மாதிரியான, இன்னும் நரம்புக்கலமாக மாறாத முன்னோடிக் கலங்கள். அவற்றுள் ஒன்றில் டெல்டா புரதம் சற்றுக் கூடினால், அது பக்கத்துக் கலத்தில் செய்தியை வாங்கும் புரதமான நொட்ச்சைப் பிடிக்கிறது. நொட்ச் வெட்டுப்பட்டு, அதன் உட்துண்டு கலக்கருவுக்குள் போய் ஹெஸ் மரபணுக்களை முடுக்குகிறது. அவை, கலத்தை நரம்புக்கலமாகத் தூண்டும் நியூரோஜெனினை அமுக்கும். கூடவே அந்தக் கலத்தின் டெல்டாவும் குறைந்துவிடும். முதலாவது கலம் நரம்புக்கலமாகப் போக, மற்றது அப்படியே நிற்கும். சின்ன வித்தியாசம் இப்படித்தான் பெரிதாகிறது.

டெல்டா, நொட்ச் இரண்டும் கலமென்சவ்வில் பதிந்தவை. சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதம் போல ஊறித் தூரம் போகாது. தொட்டுக்கொண்டிருக்கும் கலத்துக்குத்தான் செய்தி. ‘பக்கவாட்டு’ என்றால் திசை மட்டும் தெரிகிறது. அக்கம்பக்கத்தை அயலட்டை என்று யாழ்ப்பாணத்தில் நாளும் சொல்கிறோமே, அந்த ‘அயல்’ இங்கே அச்சொட்டாகப் பொருந்தும்.

அடுத்தது ‘தடை’. நின்ற கலம் சாவதில்லை. பிரிந்து பெருகி, பிறகு நரம்புக்கலமாகவோ அதற்குத் துணைநிற்கும் கிளையா கலமாகவோ மாறும். நொட்ச்சை முடக்கினால் எல்லாம் ஒரேயடியாக நரம்புக்கலமாகி முன்னோடிகள் தீர்ந்துவிடும். பிந்தி வரவேண்டிய கலங்களுக்கு ஆளிராது. மறித்த பஸ் திரும்பப் புறப்படும்தானே? அதனால் ‘மறிப்பு’.

‘மறியல்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் அது சாலையில் உட்காருவது, எங்களுக்குச் சிறை. விளக்கமறியல் வேண்டுமானால் பொருந்தும்! ஆனால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் படிப்பித்தபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவரிடம் கடன் வாங்கவும் வழியில்லை.

நொட்ச்சைத் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். சிறகோரம் வெட்டுப்பட்ட பழ ஈயிடமிருந்து வந்த பெயர் அது; மூளையைப் படிப்பவருக்கு அந்தப் பொருள் உதவாது.

வசனத்தில் போட்டுப் பார்த்தேன்: “டெல்டா கூடிய கலம் அயலை மறிக்கும், மறிபட்ட கலம் முன்னோடியாகவே தொடரும்.” ‘மறிபட்ட’ பேச்சு மாதிரி இருக்கிறது என்றால் ‘மறிக்கப்பட்ட’ என்றும் எழுதலாம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.