ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளுக்கு ருமாட்டிக் இதய நோய் ஏன்?

கேள்வி: பணக்கார நாடு. ஆனாலும் வடக்கே உள்ள நார்தர்ன் டெரிட்டரி பகுதியின் பழங்குடிக் குழந்தைகளிடம் இந்நோய் இன்னும் இருக்கிறதே, மரபணுக் கோளாறா?

பதில் 1: மரபணு மேல் பழி போடாதீங்க. குடியேறிய வெள்ளையர்கள் நிலத்தைப் பிடுங்கி, தேவாலயங்கள் நடத்திய மிஷன்களிலும் அரசு ஒதுக்கிய ரிசர்வ்களிலும் பழங்குடியினரை அடைத்தார்கள். அந்த நெரிசல் இன்னும் தீரவில்லை. ஷவர் ஓடாது, வடிகால் அடைக்கும், பழுது பார்க்க ஆள் வராது. தொண்டைப்புண், சிரங்கு வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பரவும். பிறகு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, உடலின் எதிர்ப்புச் சக்தியே இதய வால்வைத் தாக்கும்.

பதில் 2: ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால் பென்சாத்தீன் பென்சிலின் ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை, வருடக்கணக்கில். கெட்டி மருந்து, வலி உயிர் போகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குத்தாமல், குளிர் விட்டதும் மெதுவாகச் செலுத்தணும். தேதி தள்ளினால் காய்ச்சல் திரும்பலாம், வால்வு இன்னும் கெடும்.

பதில் 3: பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்த அரசின் ஆஸ்பத்திரி என்றால் பயம் இருக்காதா? 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் பழங்குடியினரே தங்கள் மருத்துவ சேவையைத் தொடங்கியது சும்மா இல்லை. ஊசி தவறினால் தாயைத் திட்டாமல், அவர்கள் மொழி தெரிந்த சுகாதாரப் பணியாளரை வீட்டுக்கு அனுப்புங்க.