ரத்தப் பரிசோதனையே போதும், குழாய் எதற்கு?

தூண்டில்: வயது 52. ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியை ஏழு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன், பயம்தான், மறைக்கவில்லை. இப்போது ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவை வைத்தே பெருங்குடல் புற்றுநோயைப் பிடிக்கும் ஷீல்டு பரிசோதனைக்கு 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தாயிற்று. 83 சதவீதம் பிடிக்கிறதாம். இனி யார் குழாய் விடப் போவார்கள்?

பாலிப்பகை: அந்த 83 எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? ஆய்வில் 7,861 பேர், புற்றுநோய் இருந்தது 65 பேருக்கு, பிடித்தது 54. சரி, நல்லதுதான். ஆனால் நாளை புற்றுநோயாகக்கூடிய முற்றிய பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சதைமொட்டு, இருந்தவர்களில் 13 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. கொலனோஸ்கோபியில் பாலிப்பைப் பார்த்த கையோடு வெட்டி எடுத்துவிடுவார்கள், நோயே வராமல் போகும். ரத்தம் எடுக்கும் ஊசி எதை வெட்டும்?

தூண்டில்: போகாத கொலனோஸ்கோபி எத்தனை பாலிப்பை வெட்டியது, அதையும் சொல்லுங்கள்.

பாலிப்பகை: பயமென்றால் வருடத்துக்கு ஒருமுறை, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் மலப் பரிசோதனை செய்யலாமே, வீட்டிலேயே முடியும். 2014இல் வந்த பெரிய ஆய்வில் அதுவே முற்றிய பாலிப்பில் 24 சதவீதத்தைக் காட்டியது.

சோதனைக்குழாய்: ஆய்வகத்தில் இருப்பவன், குறுக்கே வருகிறேன். சின்னக் கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் டிஎன்ஏ மிகக் குறைவு, அதனால்தான் அதே ஆய்வில் முதல் நிலைப் புற்றுநோயிலேயே பிடிபட்டது 65 சதவீதம். அப்புறம், புற்றுநோயோ முற்றிய பாலிப்போ இல்லாத நூறு பேரில் பத்துப் பேருக்கு வீணாக 'பாசிட்டிவ்' வரும், வந்தால் எங்கே அனுப்புவார்கள்? கொலனோஸ்கோபிக்குத்தான்! அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இதே டிஎன்ஏவைப் பார்ப்பது வேறு கதை, அங்கே எனக்கு நம்பிக்கை அதிகம். 2022இல் வந்த டைனமிக் ஆய்வில், ரத்தத்தில் அந்த டிஎன்ஏ தெரிந்தவர்களுக்கு மட்டும் கீமோ என்று வைத்ததில், இரண்டாம் நிலை நோயாளிகளில் கீமோ பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15ஆகக் குறைந்தார்கள், நோய் திரும்புவது அதனால் கூடவில்லை.

தூண்டில்: சரி, மலப் பரிசோதனைக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றுமே செய்யாதவனுக்கு ரத்தப் பரிசோதனை மேல்தான், அதில் மாற்றமில்லை.

பாலிப்பகை: அதை நானும் மறுக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?

தூண்டில்: அப்பாவுக்கு, 58 வயதில்.

பாலிப்பகை: ஐயா, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! அந்த அனுமதியே சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு ரத்தமும் வேண்டாம், மலமும் வேண்டாம். நாற்பதிலேயே கொலனோஸ்கோபி செய்திருக்க வேண்டும். தூக்க மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் தெரியாது.