கூரைப் பாலத்தை இந்தக் காலத்தில் புதுசாகக் கட்டுவது எதற்கு?

வடகரையான் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அக்டோபர் இரண்டாவது வாரக் கடைசியில் அஷ்டபுலா கவுண்டியில் கூரைப் பாலத் திருவிழா நடக்குமே, இந்தத் தடவை குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். பாலங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 1867, 1868 என்று சில. கூடவே 1983, 1999, 2008 என்றும் இருக்கிறது. பழசைப் பார்க்க ஆசைதான். 2008-ல் போய் மரப்பாலம் கட்டி அதற்குக் கூரையும் போட்டிருப்பது சுற்றுலாக்காரர்களுக்காகவா? முதலில் ஒரு பாலத்துக்குக் கூரை எதற்கு? ஒரே நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பனிப்பூ:

குதிரை கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்து மிரளக் கூடாது என்றுதான் மூடினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மழை வந்தால் வண்டிக்காரர்கள் ஒதுங்கவும் வசதி.

உளிச்சத்தம்:

பனிப்பூ அக்கா, குதிரைக் கதையை எனக்கும் நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கூரை மரத்துக்காகப் போட்டது. பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் திமொத்தி பாமர் கட்டி 1805-ல் திறந்த பாலத்தை மூடச் சொல்லி வற்புறுத்தியவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. மழை பட்டால் மரம் உளுத்துவிடும் என்பதுதான் அவர் கவலை. திறந்து கிடக்கும் மரப்பாலம் பத்துப் பதினைந்து வருஷம் தாங்கினாலே பெரிது. கூரையும் பக்கப் பலகையும் இருந்தால் நூறு வருஷம் தாண்டும்.

நான் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்தேன். மரப்பாலத்துக்குப் போனால் கையில் ஒரு சுத்தியல், ஒரு குத்தூசி, அவ்வளவுதான். ஒரு பழைய பாலத்தின் அடிச்சட்டத்தை முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். டங் டங்கென்று கல் மாதிரி சத்தம். ஊசியை அழுத்தினால் கால் அங்குலம்கூட இறங்கவில்லை. நூற்று நாற்பது வருஷத்து மரம். ஒரே ஒரு இடத்தில் சத்தம் மாறிப் பொத்தென்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பக்கப் பலகை ஒன்று கழன்று, விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அது வழியாகச் சாரல் அடித்த இடத்தில் மட்டும் ஊசி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஒரே சட்டம், ஒரே வயசு, நடுவில் இரண்டடி தூரம்தான். கூரை எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த ஊசிதான் ஞாபகம் வரும்.

புதுசைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் வேஷம் எதுவும் இல்லை தம்பி. குளிர்காலத்தில் நம் ரோட்டில் எவ்வளவு உப்பு கொட்டுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் வெடித்துப் பெயரும். மரத்தை உப்பு அப்படித் தின்னாது. அஷ்டபுலா கவுண்டி இன்ஜினியராக இருந்த ஜான் ஸ்மோலன் 1983-ல் ஸ்டேட் ரோடு பாலத்தைப் பழைய பின்னல் முறையில் கட்டினார். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, சேருமிடத்தில் மரமுளை அடித்து இறுக்கும் முறை அது. ஈத்தியல் டவுன் என்பவர் 1820-ல் காப்புரிமை வாங்கியது. பெரிய உத்தரம் தேவையில்லை, ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம் என்பதால்தான் அது கிராமம் கிராமமாகப் பரவியது.

2008-ல் திறந்த ஸ்மோலன்-கல்ஃப் பாலம் அவர் வடிவமைத்ததுதான். 613 அடி நீளம், அஷ்டபுலா ஆற்றுக்கு மேலே 93 அடி உயரம், இரண்டு வழிப் பாதை. பலகைகளை ஒட்டிச் செய்த கனமான மரச்சட்டங்கள், லாரியும் போகும். அமெரிக்காவிலேயே நீளமான கூரைப் பாலம் இதுதான். ஓரத்தில் நடைபாதை இருக்கிறது, காரை நிறுத்திவிட்டு நடந்தே போங்கள்.

வடகரையான்:

ரொம்ப நன்றி அண்ணா. அப்படியானால் பழசில் ஒன்று மட்டும் பார்க்க முடியும் என்றால் எது?

உளிச்சத்தம்:

யோசிக்கவே வேண்டாம், ஹார்பர்ஸ்ஃபீல்ட். 1868-ல் கிராண்ட் ஆற்றின் மேல் கட்டியது, மரப்பகுதி 228 அடி. உள்ளே நின்று பக்கவாட்டைப் பாருங்கள்: சாய்ந்து நிற்பதெல்லாம் மரம், செங்குத்தாக நிற்பது இரும்புக் கம்பி. வில்லியம் ஹோவின் முறை அது. மரம் காய்ந்து சுருங்கினால் கம்பி முனையில் இருக்கும் நட்டைத் திருகி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். இவ்வளவு எளிமையாக யோசித்த அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

பனிப்பூ:

தம்பி விளக்கியதற்கு நன்றி, இத்தனை நாள் குதிரை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பனிக்காலத்தில் இந்தப் பாலங்களுக்குள் ஆளை வைத்துப் பனியை அள்ளிப் போடுவார்களாமே, அது உண்மையா?

உளிச்சத்தம்:

உண்மைதான் அக்கா. அப்போது பனியில் சறுக்கு வண்டிதான் ஓடும். கூரை இருப்பதால் பாலத்துக்குள் பனி விழாது, வெறும் பலகையில் வண்டி இழுபடாது. அதனால் வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து உள்ளே பரப்புவார்கள். அதற்குக் கூலி கொடுத்த ஊர்களும் உண்டு.

வடகரையான், இன்னொன்று. ஹார்பர்ஸ்ஃபீல்டில் பாலத்தின் வடக்கு முனை வரை போகாமல் திரும்பிவிடாதீர்கள். 1913 வெள்ளத்தில் அந்தப் பக்கத்துக் கரை அறுத்துக்கொண்டு போய்விட்டது, மரப்பாலம் விழாமல் தப்பியது. கரை போன இடத்தை இணைக்க ஓர் இரும்புப் பாலத்தைச் சேர்த்தார்கள். மரம் முடிந்து இரும்பு தொடங்குகிற இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், திருவிழா சமயத்தில் வண்டிகள் அதிகம்.