நம்ம தெரு குரூப்: சமணர் மலைக்கு யாரெல்லாம் வர்றீக?

சனி

செந்தில் 8:41
நாளைக்கு காலைல 5.45க்கு பிள்ளையார் கோயில் முக்குல நிக்கிறோம், கீழக்குயில்குடி சமணர் மலை. ஏற முடிஞ்சவுக செட்டிப்புடவு குகை வரைக்கும், முடியாதவுக கீழ தாமரைக் குளத்துகிட்ட ஆலமரத்தடில. யாரெல்லாம்?

பாண்டி 8:44
ஞாயித்துக்கிழமையும் தூங்க விட மாட்டியாப்பா 😂

மும்தாஜ் அக்கா 8:46
நானும் என் மகளும் வர்றோம். பிளாஸ்க்ல டீ கொண்டாறேன், கப்பு ஆளாளுக்கு எடுத்துட்டு வாங்க, போன தடவ மாதிரி மூடில ஊத்திக் குடிக்க வேணாம்

பிரபா 8:52
உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தருக்கு தனிமை தொல்லை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே 2025 ஜூன்ல அறிக்கை விட்டுச்சு. பார்சிலோனா, ஹெல்சிங்கி, மெல்போர்ன்னு ஆறு ஊர்ல இதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, பேரு ரெசெட்டாஸ். நம்மள மாதிரியே சின்ன சின்ன குரூப்பா பார்க்கு தோட்டம்னு போவாங்க, எங்க போறது என்ன செய்யறதுங்கிறத குரூப்பே பேசி முடிவு பண்ணிக்கும்

பாண்டி 8:53
தனிமையா? இந்த குரூப்ல தினம் நாப்பது குட் மார்னிங் வருது தங்கச்சி, அழிச்சே கை வலிக்குது

சரோஜா அக்கா 8:55
அந்த நாப்பது பேர்ல எத்தன பேருப்பா ராமசாமி அண்ணன் வீட்டு வாசப்படி ஏறுனோம், மதினி தவறிப் போயி எட்டு மாசமாச்சு

ராமசாமி அய்யா 8:57
நான் இந்த குரூப்பில்தான் இருக்கிறேன் அம்மா.

சரோஜா அக்கா 8:57
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சரோஜா அக்கா 8:58
அய்யோ அண்ணே 🙏🙏 மன்னிச்சுக்கங்க

ராமசாமி அய்யா 9:01
பரவாயில்லை. முட்டி வலி. நான் வரவில்லை.

செந்தில் 9:06
நீங்க ஏறவே வேணாம்ணே. கீழ மயிலு எண்ணணும், போன வாரம் ஆளுக்கொரு கணக்கு சொல்லி பிள்ளைகளுக்குள்ள ஒரே சண்டை. பேங்க்ல கேஷியரா இருந்தவுக ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்

ராமசாமி அய்யா 9:19
எத்தனை மணி என்று சொன்னாய்?

ஞாயிறு

சரோஜா அக்கா 11:30
ஆட்டோல போறப்ப அண்ணன் ஒரு வார்த்தை பேசல, நானும் இனி வாயத் தொறக்கக் கூடாதுன்னு கம்முனு வந்தேன், ஆலமரத்தடில உக்காந்து மும்தாஜ் மக கூட மயிலு எண்ண ஆரம்பிச்சவரு அந்தப் புள்ள மயிலு ராத்திரி எங்க தாத்தா தூங்கும்னு கேக்கவும் மரத்து மேலன்னு சொல்லிட்டு அப்டியே கல்யாணமான புதுசுல மதினிய இங்க கூட்டியாந்தது, மேல மகாவீரர் சிலை பாக்கப் போறப்ப செருப்பு வாரு அந்து மதினி சுடு பாறைல வெறுங்காலோட எறங்குனது, வீடு வர்ற வரைக்கும் திட்டுனது எல்லாத்தயும் சொல்லி சிரிச்சாரு

பிரபா 11:34
ராமசாமி மாமா வீட்டு ஹால்ல எதிரெதிரா உக்காந்தா சாப்ட்டீங்களாவுக்கு மேல எனக்குப் பேச்சே வராது. அங்க எல்லாரும் குளத்தத்தான பாத்துட்டிருந்தோம்

மும்தாஜ் அக்கா 11:37
துக்கம் கேக்கப் போனா யாருதான் பேசுவா

பாண்டி 11:40
எல்லாம் சரி, ஆனா வரமாட்டேங்கிறவுகள இழுக்காதீக. எங்க அப்பாவுக்கு கூட்டமே ஆகாது, மாட்டுக்கொட்டாய்ல தனியா இருந்தாத்தான் சந்தோசம்

சரோஜா அக்கா 11:41
அது வேற பாண்டி. அவரு தனியா இல்ல, மாடு இருக்கு

ராமசாமி அய்யா 12:10
மயில் மொத்தம் 17. அதில் ஆண் 5. பாப்பா 19 என்கிறாள், இரண்டை இரண்டு முறை எண்ணிவிட்டாள். அடுத்த வாரம் எங்கே?

செந்தில் 12:12
அரிட்டாபட்டிண்ணே. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாகள்ல, ஏழு குன்று, ராஜாளி, வல்லூறு எல்லாம் இருக்கு. ஆனா உசரத்துல பறக்கும், எண்றது கஷ்டம்

ராமசாமி அய்யா 12:20
பைனாகுலர் இருக்கிறது. லென்ஸில் பூசணம் பிடித்துவிட்டது. சரி செய்யும் கடை தெரியுமா?

பாண்டி 12:22
டவுன்ல எனக்குத் தெரிஞ்ச கேமரா மெக்கானிக் இருக்காருண்ணே. நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன், வீட்ல இருப்பீகளா?

ராமசாமி அய்யா 12:23
இருப்பேன். டீக்கு சீனி எவ்வளவு?

பாண்டி 12:23
ரெண்டு ஸ்பூனுண்ணே, வீட்ல சொல்லிராதீக