பியாஸெதாய்: பலவந்தம் செய்வதா, படுவதா?

மத்தேயு 11:12-ல் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். பரலோகராஜ்யம் 'பலவந்தம்பண்ணப்படுகிறது' என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் பியாஸெதாய். செயப்பாட்டு வினைக்கும் நடு வினைக்கும் (middle voice, எழுவாய் தன்னைச் சார்ந்தே செய்வதைச் சொல்லும் வடிவம்) இதே வடிவம்தான். ஆகவே ராஜ்யமே பலமாய் முன்னேறுகிறது என்றும் படிக்கலாம்.

புதிய ஏற்பாட்டில் இந்த வினை வேறு ஒரே இடத்தில்தான் வருகிறது, லூக்கா 16:16. அதையும் பார்த்தாயிற்று, குழப்பம்தான் கூடியது. சரி என்று செப்டுவஜின்ட்டுக்கு (பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு) போனால், ஆதியாகமம் 33:11-ல் யாக்கோபு ஏசாவிடம் காணிக்கையை ஏற்கச் சொல்லி வற்புறுத்துவதற்கும் இதே வினை! அடிதடியே இல்லை. ஆனால் மத்தேயுவில் அடுத்த சொற்களே பியாஸ்தாய், ஹர்பாஸூசின், பலவந்தக்காரர்கள் பறிக்கிறார்கள். இந்த அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனோ சிறையில் இருக்கிறார், ஆக வன்முறை என்ற பொருளும் பொருந்துகிறது.

கிரேக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்: இங்கே செயப்பாட்டு வினையா, நடு வினையா என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்?